சாரல் ஊரில் ஹோல்கா வாங்கலாமா?

புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புனலூர் காலேஜில் கூடப் படிக்கிற பையன் ஹோல்கா என்று ஒரு பிளாஸ்டிக் கேமரா வைத்திருக்கிறானாம், அதில் எடுத்த நாலு படத்தைப் பார்த்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லையாம். கேள்வி மூன்று. அதை வாங்கலாமா? வரும் சீசனில் குற்றாலத்தையும் பாலருவியையும் அதில் எடுக்க முடியுமா? போனில் ஃபில்டர் போட்டாலே இந்த மாதிரிதானே வருகிறது, அப்புறம் இதில் என்னதான் இருக்கிறது அண்ணாச்சி?

மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி, அதைப் பிறகு பார்ப்போம். முதல் இரண்டுக்கும் பதில்: வாங்கலாம், ஆனால் சீசனில் அதை நம்பி அருவிக்குப் போகாதீர்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும்.

நான் 90-களில் செங்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன். அப்போது வீட்டுக்கு வீடு கோடக் கேபி 10 இருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, 35 எம்எம் ரோல், ஃபோகஸ் திருப்பவே வேண்டாம், துபாயிலிருந்து வந்தவர்கள் கையில் இதே ரகத்தில் வேறு வேறு பெயரில் இருக்கும். கோயில் கொடை முடிந்த மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் நாலு பேர் ரோலோடு நிற்பார்கள். கழுவிப் பார்த்தால் பாதிக்கு மேல் இருட்டு. சாமியாடியைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று முப்பது அடி தூரத்திலிருந்து எடுத்திருப்பார்கள், அந்தக் குட்டி ஃப்ளாஷ் பத்தடி எட்டினாலே பெரிய விஷயம். வந்திருக்கிற படங்களிலும் ஓரமெல்லாம் மங்கல், மூலையில் கறுப்பு, பின்கதவைத் திறந்து பார்த்த இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு தீ நாக்கு. ‘நீங்கதான் ரோலைக் கெடுத்துட்டீங்க’ என்று எங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள். இன்றைக்கு அதே மங்கலுக்கும் அதே கறுப்புக்கும் அதே தீ நாக்குக்கும் பிள்ளைகள் காசு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு நானே ஒன்று வாங்கினேன், அது வேறு கதை.

ஹோல்கா 1980-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் வந்தது. சீனாவில் சாதாரணக் குடும்பங்கள் வாங்கட்டும் என்று மலிவாகச் செய்தார்கள். அங்கே அப்போது 35 எம்எம்மைவிட அகலமான 120 ரோல்தான் எளிதாகக் கிடைத்தது. ஆனால் அதே சமயம் 35 எம்எம் பரவிவிட்டதால் யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, வெளிநாட்டுக்காரர்கள்தான் வேடிக்கையாக எடுத்துக் கொண்டாடினார்கள். அதற்கும் முன்னால் 1960-களில் அதே ஹாங்காங்கில் டயானா என்று ஒன்று செய்தார்கள், இன்னும் லேசு, இன்னும் மங்கல், பரிசுச் சாமானாகவும் பொம்மைக் கடையிலும் விற்றது. அமெரிக்காவில் ஓஹையோவில் நான்சி ரெக்ஸ்ரோத் என்ற பெண்மணி 1970-களில் இந்த டயானாவை வைத்துக்கொண்டே பேர் வாங்கினார். டேவிட் பர்னெட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், அமெரிக்கத் துணை அதிபராக இருந்த அல் கோரின் தேர்தல் பிரசாரத்தை ஹோல்காவில் எடுத்த படம் 2001-இல் வெள்ளை மாளிகை செய்திப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் பரிசை வாங்கியது. நாம் வாங்கினால் அப்படி வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கையில் எல்லா கேமராவும் இருந்தது, எங்கே எதை எடுப்பது என்று தெரிந்து அதை எடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹோல்காவில் ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்றுதான், நொடியில் சுமார் நூறில் ஒரு பங்கு. சுமார் என்று சொல்வது ஏனென்றால் உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங், பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். லென்ஸ் மேல் வெயில் படம், மேகப் படம் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பார்க்க அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் புகுகிற துளை, மாற்றுவது மாதிரி இருக்கும். பழைய ஹோல்காக்களில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றும் மாறாது. உள்ளே இருக்கிற துளை இரண்டு நிலையிலும் ஒன்றுதான், கிட்டத்தட்ட எஃப் 13, இந்த எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னது. சொந்தக்காரர் வீட்டுப் பழைய ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஒரே சுற்று.

அப்படியானால் இந்தக் கேமராவுக்குத் தெரிந்த வெளிச்சம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டூடியோவில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று உண்டு: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்துக்கொள், ரோலின் ஐஎஸ்ஓ, அதாவது அது வெளிச்சத்தை உணர்கிற வேக எண், எவ்வளவோ அதன் கீழ்ப்பங்கு ஷட்டர். 100 ரோல் என்றால் நூறில் ஒரு பங்கு. இதை ஹோல்காவுக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரோல் போட்டால் பளீரென்ற வெயிலுக்கு ஏறக்குறைய சரி, ஒரு மேகம் வந்தால் அண்டர், வெளிச்சம் போதாது. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு, இல்லையென்றால் பாதி. 400 ரோல் போட்டால் மேகமூட்டத்துக்குச் சரி, கருமேகம் கட்டினால் அரை ஸ்டாப் அண்டர், சூரியன் விழுகிற நேரத்துக்கு ஒன்றரை ஸ்டாப் அண்டர். வெயிலில் அதே ரோல் இரண்டரை ஸ்டாப் ஓவர், வெளிச்சம் அதிகம். ஆனால் ஓவர் என்றால் பயப்பட வேண்டாம், கலர் நெகட்டிவ் இரண்டு மூன்று ஸ்டாப் ஓவரைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், கறுப்பு வெள்ளையும் ஓரளவு தாங்கும். அண்டரை எதுவும் தாங்காது. நெகட்டிவில் ஏறாத உருவத்தை எந்த லேபும் எந்த ஸ்கேனரும் கொண்டுவர முடியாது. அதனால் ஓவரும் தாங்காத ஸ்லைடு ஃபிலிமைத் தொடாதீர்கள், எப்போதும் 400 போடுங்கள். வீட்டுக்குள்ளே எடுக்காதீர்கள், ஜன்னலுக்குப் பக்கத்தில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார், அழகாக வெளிச்சம் விழுகிறது என்று கண்ணுக்குத் தோன்றும், ரோலுக்குத் தோன்றாது.

இப்போது நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிடும். நாள் முழுக்க வானம் சாம்பல். பதினொரு மணிக்கே ஆறு மணி மாதிரி இருக்கும். உங்கள் புளியரை இன்னும் மோசம், மலையடிவாரம், வெயில் காலத்திலேயே சாயங்காலம் ஐந்து, ஐந்தேகாலுக்கு நிழல் விழுந்துவிடும். செக்போஸ்டைத் தாண்டி ஏறினால் இருபது கிலோமீட்டருக்குள் வேறு உலகம், தலைக்கு மேலே காடு மூடிக்கொள்ளும், பாலருவிக்குப் போகிற பாதையில் பட்டப்பகலிலேயே எனக்கு ரோலில் ஒன்றும் விழவில்லை. புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குள் நின்று பார்த்தால் பச்சை வெளிச்சம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான், கணக்குப்படி அது மூன்று நாலு ஸ்டாப் குறைவு. இங்கிருந்து கிழக்கே சுந்தரபாண்டியபுரம் போய்ப் பாருங்கள், செங்கோட்டையில் சாரல் விழுகிற அதே நேரத்தில் அங்கே மேகம் கிழிந்து வெயில் அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்து நிற்கும்போது கேரளாவிலிருந்து வண்டி வண்டியாக வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்களே, அந்த வயல்தான் நம் சுற்றுவட்டாரத்தில் ஹோல்காவுக்கென்றே இருக்கிற இடம். திறந்த வெளி, நேர் வெயில், பெரிய பெரிய வண்ணம், நுணுக்கம் தேவையில்லாத காட்சி.

அருவிக்கு வருகிறேன். குற்றாலம் மெயின் அருவி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் காலை வெயில்தான் அதன் முகத்தில் விழும், ஆனால் தண்ணீர் நிறைய விழுகிற நாளில் வெயில் இருக்காது, வெயில் இருக்கிற நாளில் தண்ணீர் இருக்காது, இது நம் ஊர் தலையெழுத்து. நூறில் ஒரு பங்கு வேகத்தில் விழுகிற தண்ணீர் துளித்துளியாகவும் நிற்காது, பட்டுத்துணி மாதிரியும் ஓடாது, இரண்டுங்கெட்டானாக வரும். ஷட்டரைத் திறந்தே வைக்க ‘பி’ என்று ஒரு நிலை உண்டு, அதற்கு ஸ்டாண்டு வேண்டும், கேபிள் மாட்ட இடம் கிடையாது, கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும், பெட்டி இறகு மாதிரி லேசு என்பதால் விரல் பட்டாலே ஆடும். சாரல் துளி பிளாஸ்டிக் லென்ஸில் உட்கார்ந்தால் துடைக்கவும் பயம், வேட்டி நுனியால் ஒரு தடவை துடைத்தால் போதும், கீறல் நிரந்தரம். உள்ளே ஈரம் போனால் 120 ரோலின் பின்தாள் ஊறிவிடும். இத்தனைக்கும் அப்புறம் போய் எடுப்பேன் என்றால் எடுங்கள், நானும் எடுத்தேன். ஒரு ரோலின் பன்னிரண்டு படத்தில் ஒன்று தேறியது, அதிலும் அருவி இல்லை, எண்ணெய் தேய்த்துக்கொண்டு முறைக்காக நிற்கிற ஒரு வரிசை ஆட்கள், அதுவும் மேகம் ஒரு நிமிஷம் விலகியபோது.

லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழகு, குறை இரண்டும் அங்கேதான் பிறக்கின்றன. உள்ளே இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் வில்லை, 60 எம்எம். நல்ல கேமராவில் நாலு, ஐந்து, ஏழு கண்ணாடிகளை அடுக்கி ஒன்றின் தவறை மற்றொன்று திருத்தும்படி வைத்திருப்பார்கள். இங்கே திருத்த ஆளே இல்லை. ஒற்றை வில்லை உருவத்தைத் தட்டையாக விழ வைக்காது, குழிந்த கிண்ணம் மாதிரி வளைத்துப் போடும், ஃபிலிமோ தட்டையாக இருக்கிறது, அதனால் நடுவில் கூர்மை, ஓரம் போகப் போகக் கரைந்துபோகும். சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் சேராது, வெள்ளைச் சுவரின் ஓரத்தில் மெல்லிய வண்ணக் கரை தெரியும். வில்லை போடுகிற வட்டம் 6-க்கு 6 சென்டிமீட்டர் சதுரத்தை முழுக்க மூடாததால் மூலை இருட்டும். இது தெரிந்துகொண்டால் எதை நடுவில் வைப்பது என்று தானாகவே புரிந்துவிடும். ஓரத்தில் முகம் வைத்தால் முகம் போய்விடும், ஓரத்தில் மரம், வானம், சுவர் இருந்தால் அது கனவில் பார்த்தது மாதிரி வரும். கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தை நான் இப்படித்தான் எடுத்தேன். 1904-இல் ரயில் விட்ட கொல்லம் செங்கோட்டைப் பாதையில் அது நிற்கிறது, மீட்டர் கேஜ் 2010-இல் நிறுத்தி 2018-இல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாலத்தை முழுசாகப் பிடிக்க ரோட்டோரம் தள்ளி நின்று எடுத்த படத்தில் நடுவிலிருக்கும் மூன்று நாலு கண்கள் மட்டும் கல் கல்லாகத் தெரிகின்றன, இரண்டு பக்கமும் பாலம் புகைக்குள் போய்விட்டது. பழைய வண்டியில் போனவர்களிடம் காட்டினால் ‘ஆமா, இப்படித்தான் இருந்துச்சு’ என்கிறார்கள். இப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

ஃபோகஸுக்கு லென்ஸ் மேல் நாலு பொம்மை வரைந்திருக்கும்: ஒரு ஆள், ஒரு சின்னக் குடும்பம், ஒரு கூட்டம், ஒரு மலை. மூன்று அடி, ஆறு அடி, பதினெட்டு அடி, அதற்கு மேல். திருப்ப மறந்துபோவீர்கள், கட்டாயம் மறப்பீர்கள், ஏனென்றால் வியூஃபைண்டரில் எல்லாம் எப்போதும் தெளிவாகத்தான் தெரியும். எனவே கூட்டம் பொம்மையிலேயே விட்டுவிடுங்கள். எஃப் 13 என்பதால் பத்தடியிலிருந்து அடிவானம் வரைக்கும் ஓரளவு நின்றுவிடும். முகத்துக்குக் கிட்டப் போகும்போது மட்டும் திருப்பினால் போதும். அப்புறம் வியூஃபைண்டர் காட்டுவதைவிட ரோலில் அதிகம் விழும், கிட்டப் போய் எடுத்தால் தான் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு. நான் இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு எட்டு முன்னால் வைத்துத்தான் எடுக்கிறேன்.

லென்ஸ் மூடியை முதல் நாளே தூக்கி எறியுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். வியூஃபைண்டர் தனி ஓட்டை, லென்ஸ் தனி ஓட்டை, மூடி போட்டிருப்பது உள்ளிருந்து தெரியவே தெரியாது. எங்கள் சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் கும்பத் தண்ணீர் ஊற்றுகிறதிலிருந்து பந்தி வரை ஒரு முழு ரோல் மூடியோடு எடுத்தவன் நான், ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன் என்று என்னை நம்பி முன்வரிசையில் நிறுத்தினார்கள். நல்லவேளை, மச்சான் போனில் எடுத்திருந்தான்.

இன்னொன்று அந்த ‘என்’, ‘பி’ சுவிட்ச், ‘என்’ என்றால் சாதாரண நிலை. அடியில் இருக்கும், பைக்குள் போட்டு எடுக்கும்போது தானாக ‘பி’-க்குத் தள்ளிக்கொள்ளும், ரோல் முழுக்க வெள்ளைக் கோடாகப் போய்விடும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி ‘என்’-இல் கட்டிப்போடுங்கள். டேப் எடுத்த கையோடு பின்கதவின் இரண்டு ஓரத்திலும் ஒட்டுங்கள், அதைப் பிடித்திருக்கிற கம்பிக் கொக்கி என்றைக்காவது பைக்குள் கழன்று விழும், விழுந்தால் கதவும் விழும். பின்னால் எண் பார்க்கிற சிவப்பு ஜன்னல் இருக்கிறதே, அந்தக் காலத்து ரோல்களுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது, அதனால் சிவப்பு வைத்தார்கள், இப்போதைய ரோல் சிவப்பையும் பார்க்கும், எனவே அதற்கும் ஒரு துண்டு டேப், எண் பார்க்கும்போது மட்டும் நிழலில் நின்று தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கடைசியாக, எடுத்து முடித்த ரோல் உள்ளே தளர்வாகச் சுற்றிக்கொண்டு உருண்டையாக வெளியே வரும், ஓரமெல்லாம் வெளிச்சம் பட்டு ஃபாக் அடித்துவிடும். புது ரோல் வைக்கிற பக்கத்தில் அடியில் ஒரு தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகினால் சுற்றும்போது இறுக்கமாக வரும், இது எனக்குத் தெரிந்த வகையில் ஹோல்காவுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம். இவ்வளவு ஓட்டைகளை அடைத்துவிட்டால் அப்புறம் எதற்கு ஹோல்கா என்று கேட்பீர்கள். எனக்கு அந்தத் தீ நாக்கு பிடிக்காது, அவ்வளவுதான். முதல் ரோலில் அது வந்தால் ஆச்சரியம், நாலாவது ரோலில் வந்தால் அதே மத்தாப்பு. லென்ஸ் செய்கிற மங்கல் படத்துக்குள்ளே நாம் வைத்த பொருளோடு சேர்ந்து வருகிறது, கதவு இடுக்கில் புகுந்த வெளிச்சம் யார் முகம் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் விழுகிறது.

எனக்கு இதில் உண்மையாகவே பிடித்தது ஒன்றின் மேல் ஒன்று எடுப்பது. பெரும்பாலான கேமராக்களில் ஒரு படம் எடுத்தால் சுற்றாமல் அடுத்தது அமுங்காது. ஹோல்காவில் ஷட்டருக்கும் சுற்றுகிற குமிழுக்கும் சம்பந்தமே இல்லை, ஒரே இடத்தில் பத்துத் தடவை அமுக்கலாம். தெரியாமல் அமுக்கினால் குப்பை, தெரிந்து அமுக்கினால் வேறு. ரோலில் முதல் படத்தில் எங்கே வெளிச்சம் ஏறிவிட்டதோ அங்கே இரண்டாவது படம் ஒட்டாது, எங்கே இருட்டாக விட்டிருக்கிறதோ அங்கேதான் ஒட்டும். ஆகவே முதலில் வெளுத்த வானத்துக்கு எதிரே கறுப்பாக நிற்கிற ஒன்றை எடுங்கள், நம் ஊரில் பனைமரத்துக்கா பஞ்சம். அதே இடத்தில் சுற்றாமல் போய் சூரியகாந்தி வயலை எடுங்கள், பூவெல்லாம் பனைமர உருவத்துக்குள் மட்டும் பூத்திருக்கும். நான் ஒரு படத்தில் புனலூர்த் தூக்குப்பாலத்தையும், 1877-இல் கட்டியது, எங்கள் தெருவில் காயப்போட்ட சேலைகளையும் சேர்த்திருக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் ஒரு ரயில் பயணம், அது முடிகிற வரைக்கும் குமிழில் கை வைக்காமல் இருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதே குமிழில் இன்னொரு விளையாட்டு, பின்கதவு ஜன்னலை 16 என்ற இடத்தில் வைத்துக்கொண்டு சதுரப் படமாக எடுத்தால் ஒவ்வொரு படமும் அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏறி உட்காரும், பாலம், திருவிழாத் தெரு, மலைத்தொடர் எல்லாம் நீளமான ஒரே பட்டையாக வரும். ஆனால் இப்படி எடுத்தால் லேபில் கொடுக்கும்போதே ‘நெகட்டிவை வெட்ட வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எனக்கு ஒரு லேபில் குண்டாறு அணைப் பக்கம் எடுத்த மலை வரிசையை மூன்று மூன்றாக நறுக்கி உறையில் போட்டுக் கொடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கைப்பழக்கம் அது.

லேப் என்றதும் காசு விஷயம். தென்காசி, செங்கோட்டை, புனலூர் எங்குமே இப்போது 120 கழுவுகிற ஆளை நான் பார்க்கவில்லை, சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில்தான் அனுப்புகிறேன். ரோல், கழுவுகிற கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு படம் நூறு ரூபாயைத் தாண்டிவிடும், பார்டர் கடையில் கோழியும் புரோட்டாவும் தின்றுவிட்டு வரலாம். மூடியோடு எடுத்தாலும் அதே நூறு ரூபாய். ஒரு காலத்தில் ஊட்டியிலேயே, 1960-இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் இந்து என்ற பெயரில் ரோலும் பேப்பரும் செய்தார்கள், கோடக்கின் மஞ்சள் டப்பாவுக்கு மாற்றாக ஸ்டூடியோ ஸ்டூடியோவாக வாங்கிப் போட்டோம், அந்தக் கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது.

கறுப்பு வெள்ளை என்றால் வீட்டிலேயே கழுவலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். டார்க் ரூம் தேவையில்லை, கை நுழைக்கிற கறுப்புப் பை ஒன்றும் ரோல் கழுவுகிற டாங்க் ஒன்றும் போதும். இங்கே தொந்தரவு வெயில்தான், டி-76 மாதிரி மருந்துகளுக்கு 20 டிகிரி என்று போட்டிருக்கும், ஏப்ரலில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் அதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் இருக்கும். ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் கட்டிப் பாத்திரத்துக்குள் மிதக்கவிட்டு, மருந்து ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். சாரல் மாதத்தில் இந்தத் தொல்லை குறைவு. சீசனில் சாரலுக்குள் ஹோல்காவால் படம் எடுக்க முடியாது, ஆனால் கோடையில் எடுத்ததை உட்கார்ந்து கழுவ அதைவிட நல்ல மாதம் இல்லை. கலருக்கு மருந்து 38 டிகிரியில் இருக்க வேண்டும், டெவலப்பர் மூன்றேகால் நிமிஷம், அங்கே அரை டிகிரி தவறினால் நிறம் மாறும், அதை லேபுக்கே விட்டுவிட்டேன்.

சரி, அந்த மூன்றாவது கேள்வி. போனில் ஃபில்டர் போட்டால் இதே மாதிரி வருமா? வரும். போன் திரையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எனக்கே பல சமயம் தெரிவதில்லை, தெரிகிறது என்று சொல்கிறவர்களை நான் முழுசாக நம்புவதும் இல்லை. வித்தியாசம் எனக்குத் தெரிந்தது எதிரில் நிற்கிற ஆளிடம்தான். பெரிய கேமராவைத் தூக்கினால் நம் ஆட்கள் வேட்டியைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்தி, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நிற்பார்கள். போனைத் தூக்கினால் எங்கே போடப்போகிறானோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இப்போது அது ரொம்ப அதிகம். ஹோல்காவைத் தூக்கினால் சிரிப்பு வந்துவிடும். ஆரியங்காவில் ஒரு டீக்கடைச் சேட்டன் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, ‘இது களிப்பாட்டமல்லே’, விளையாட்டுப் பொம்மைதானே என்று கேட்டு, ஆமாம் என்றதும் கடைக்குள் திரும்பி எல்லாரையும் கூப்பிட்டார். அந்த நிமிஷம் எடுத்தது, கையில் டீ ஆற்றுகிற டம்ளரோடு, ஓரத்தில் இரண்டு பேர் மங்கலாக, நடுவில் அவர் மட்டும் பளிச்சென்று, பின்னால் ரோட்டில் நல்ல வெயில். அதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது, ரோல் முடியவில்லை, அதுதான் காரணம், பன்னிரண்டே படம்தான் என்றாலும் எடுக்கத் தகுந்த வெளிச்சம் வரும் வரைக்கும் காத்திருந்தால் அவ்வளவு நாளாகிவிடுகிறது. கொடுத்தபோது அவருக்கு அந்தக் கேமரா ஞாபகம் இருந்தது, என்னை ஞாபகம் இல்லை.

பன்னிரண்டு என்ற எண் நன்மையா தொல்லையா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. போனில் முப்பது எடுத்து மூன்று வைத்துக்கொள்கிறோம், இதில் எடுக்கும் முன்பே இருபத்தேழை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறோம், அந்த இருபத்தேழில் ஒன்று நல்லதாக இருந்திருக்குமோ என்ற எண்ணம் பஸ்ஸில் வரும்போது வரும். குழந்தை முதல் அடி வைப்பது, கல்யாணத்தில் தாலி கட்டுவது, இப்படித் திரும்ப நடக்காததை மட்டும் இதை நம்பி விடாதீர்கள். மறுபடி போய் நிற்கக்கூடிய இடங்களுக்குத்தான் இது.

வாங்குவது பற்றி: அவசரப்பட்டு ஆன்லைனில் வாங்காமல் முதலில் உங்கள் வீட்டுப் பரணைத் தேடுங்கள். அக்ஃபா கிளிக் 3 கிடைத்தால் அதிர்ஷ்டம். பரோடாவில் செய்தது, அதுவும் 120 ரோல், அதுவும் பன்னிரண்டு சதுரம், அதுவும் வெயில் கேமராதான், நம் அப்பா, அம்மா காலத்துக் குடும்பப் படங்களில் ஏகப்பட்டவை அதில் எடுத்தவை. கேபி 10 கிடைத்தாலும் போதும், 35 எம்எம் ரோல் என்பதால் கழுவுவது சுலபம், செலவும் படத்துக்குப் படம் குறைவு. புதிதாகவே வேண்டும், ஆனால் கை நடுங்குகிறது என்றால் கோடக் எக்டார் எச் 35 என்று ஒன்று 2022-இல் வந்தது. பாதி ஃபிரேமாக எடுப்பதால் 36 ரோலில் 72 படம் விழும். ஆனால் 72 படம் முடிப்பதற்குள் முதல் படம் எதற்கு எடுத்தோம் என்பது மறந்துவிடும். ஹோல்காவே வேண்டுமென்றால், 2015-இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்ற செய்தியைப் படித்துப் பயந்து பழையதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள், 2017 வாக்கில் திரும்பச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நான் முதலில் வாங்கியது பழையதுதான், விற்றவர் ‘சூப்பர் கண்டிஷன்’ என்றார், ஷட்டர் பாதியில் நின்று திறந்தே இருந்தது, கழற்றி ஸ்பிரிங்கை வளைத்துப் போட்டேன். பேட்டரி இல்லை, சர்க்யூட் இல்லை, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் பிரித்து மாட்டலாம், அந்த ஒரு விஷயத்தில் இதை எந்த விலை உயர்ந்த கேமராவும் நெருங்க முடியாது. ரோல்களை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் எடுத்தவுடன் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வைத்துப் பிரியுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு உடனே வியர்த்துவிடும். வெயிலில் நிறுத்தின காருக்குள் கேமராவை விடாதீர்கள், பிளாஸ்டிக், கதவு வளைந்தால் அப்புறம் டேப்பாலும் அடைக்க முடியாது.

தம்பி, அந்தப் பையனின் ஹோல்காவையே ஒரு ரோலுக்குக் கடன் வாங்கிப் பாருங்கள், கொடுக்க மனமில்லை என்றால் என்னுடையதை எடுத்துக்கொள்ளலாம். அதில் இப்போது ஒரு 400 ரோல் இருக்கிறது, எட்டு எடுத்தாகிவிட்டது, நாலு பாக்கி. மழை விட்டு ஒரு வாரம் தொடர்ந்து வெயில் அடித்தால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் செங்கோட்டைக்கு வாருங்கள், வரும்போது ஒரு இன்சுலேஷன் டேப் வாங்கிக்கொண்டு வாருங்கள், கறுப்பு.